பாஞ்சாலியின் தோளும் வேணுவின் சீப்பும்

திருத்தணியிலிருந்து கனகம்மாசத்திரம் போகிற ரோட்டை விட்டு ஒரு மைல் உள்ளே தள்ளியிருக்கிறது பாஞ்சாலியின் ஊர். அவளுக்கு வயது நாற்பத்தாறு. நடவு, களையெடுப்பு, வேர்க்கடலை பிடுங்குவது, கரும்புக் கட்டை டிராக்டர் மேல் தூக்கிப் போடுவது என்று முப்பது வருஷமாக அவளுடைய வலது கை சும்மா இருந்த நாள் கிடையாது. ஊரில் அவளுக்கு இரண்டு விஷயத்தில் பெயர். ஒன்று வாய். அவள் கழனியில் நின்று பேசினால் ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். இன்னொன்று முடி. அவிழ்த்து விட்டால் இடுப்பைத் தாண்டி ஒரு சாண் தொங்கும். அதை விடியற்காலையில் ஒரு கையால் சுருட்டி மறு கையால் சொருகி, கண்ணாடி பார்க்காமலே கொண்டை போட்டுக்கொண்டு வேலைக்குப் போவாள். அந்தக் கொண்டை சாயங்காலம் வரைக்கும் அசையாது.

தை மாதம், பொங்கல் கழிந்த வாரம், கூட்டமான பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். குறுக்கே ஒரு ஆடு ஓடி வந்தது. டிரைவர் பிரேக்கை மிதித்தார். ஆடு பிழைத்துக்கொண்டது. பாஞ்சாலியின் உடம்பு முன்னால் போனது, கை மட்டும் கம்பியை விடவில்லை. தோளுக்குள்ளே பழந்துணி கிழிகிற மாதிரி ஒன்று அவளுக்குத் தெரிந்தது. சுளுக்கு என்று நினைத்து எண்ணெய் தேய்த்தாள். நான்கு நாள் ஆனது, வலி போகவில்லை. வலது பக்கம் திரும்பிப் படுக்க முடியவில்லை. ஜாக்கெட்டில் கையை நுழைக்கும்போது கண்ணில் தண்ணீர் வந்தது.

ஆந்திரப் பக்கம் எல்லை தாண்டிப் போனால் கட்டு கட்டுகிற வைத்தியர் ஒருவர் இருந்தார். அவர் தோளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, எலும்பு ஒடியவில்லை என்றார். மருந்து பூசித் துணி சுற்றி, கையை மார்போடு அணைத்துக் கட்டினார். பத்து நாள் போதும், பதினோராம் நாள் அவிழ்த்துவிட்டுக் கையை மெல்ல வீசிப் பழக வேண்டும் என்று தெலுங்கில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை தெளிவாகத்தான் சொல்லி அனுப்பினார். அந்த மனிதர் மேல் ஒரு குற்றமும் சொல்ல முடியாது.

குற்றமெல்லாம் நம்முடைய பாஞ்சாலி மேல்தான். பத்து நாளில் எந்த மருந்தாவது வேலை செய்யுமா? எதுவானாலும் ஒரு மண்டலம் வேண்டாமா? திரும்பி வரும்போது பஸ் ஜன்னலில் திருத்தணி மலை தெரிந்ததும் இடது கையால் கன்னத்தில் போட்டுக்கொண்டு வேண்டினாள். நாற்பத்தெட்டு நாள் இந்தக் கையை அசைக்காமல் உனக்கு விரதமாக வைத்திருக்கிறேன், கை சரியானால் என் முடி மொத்தத்தையும் உனக்கே கொடுத்துவிடுகிறேன் என்று முருகனிடம் ஒப்பந்தம் போட்டாள். கைக்காக மனுஷர்கள் விரதம் இருப்பதுண்டு. கையே விரதம் இருந்தது இந்த ஒரு ஊரில்தான் நடந்திருக்கும்.

பங்குனி பிறந்து கட்டை அவிழ்த்தபோது கை மார்பு உயரத்துக்கு மேல் எழும்பவில்லை. பின்னால் கொண்டு போனால் இடுப்பைக்கூடத் தொடவில்லை. இடது கையால் பிடித்துத் தூக்கினாலும் பாதியில் நின்றது. பாஞ்சாலி பயந்து போய் அன்றைக்குப் பூராவும் யாரிடமும் பேசவில்லை. அவள் பேசாததைப் பார்த்துத்தான் அவள் புருஷன் வேணுவும் பயந்தான். மறுநாள் டிராக்டருக்கு லீவு போட்டுவிட்டு அவளைத் திருத்தணி அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போனான்.

ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், பயிற்சி கொடுக்கிற அறைக்கு அனுப்பினார். அங்கே இருந்தவள் அனிதா. பள்ளிப்பட்டுப் பெண், முப்பது வயதுக்குள்தான் இருக்கும். சின்னக் குரல், ஆனால் பிடிவாதம் பெரியது.

"தோள் மூட்டு சின்னக் கிண்ணத்துல பெரிய உருண்டைய வெச்ச மாதிரிக்கா. அது நழுவாம நாலு சதை சுத்திப் புடிச்சிக்கினு இருக்கு. அதுல மேல இருக்கற சதையோட நாரு உங்களுக்குப் பாதி கிழிஞ்சிருக்கு. முழுசா அறுந்து போவல, அதனால இப்ப ஆபரேஷன் வேணாங்கறாரு டாக்டர். பயிற்சியிலயே வலுவாக்கிடலாம். ஆனா நாப்பத்தெட்டு நாளு அசைக்காம வெச்சதுல மூட்டே இறுகிப் போயிருக்கு. மொதல்ல அந்த இறுக்கம் விடணும், அப்பறம்தான் வலு. யாரு உங்கள நாப்பத்தெட்டு நாளு வெச்சிக்கச் சொன்னது?"

எந்தக் கேள்விக்கும் பதில் வைத்திருக்கும் பாஞ்சாலி, மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்தாள்.

அன்றைக்குத் தொடங்கியது பாடம். இடது கையை மேஜையில் ஊன்றிக் குனிந்து, வலது கையைத் தொங்கவிட்டுச் சின்னச் சின்ன வட்டமாக ஆட்ட வேண்டும். மல்லாந்து படுத்து இரண்டு கையிலும் ஒரு கழியைப் பிடித்து, நல்ல கையின் பலத்தில் கெட்ட கையை மேலே தள்ள வேண்டும். சுவரில் விரல்களை வைத்து எறும்பு ஏறுகிற மாதிரி ஏற்ற வேண்டும், எட்டிய இடத்தில் ஒரு கோடு போட வேண்டும். வெந்நீர் ஒத்தடம் கொடுத்துவிட்டுச் செய்ய வேண்டும். தூங்கும்போது கைக்கு அடியில் தலையணை. வலி கொஞ்சம் இருக்கலாம், குத்துகிற வலி வந்தால் நிறுத்திவிட வேண்டும். கேட்டுக்கொண்டிருந்த பாஞ்சாலிக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது.

"மாத்திரை ஒண்ணும் இல்லியா?"

"இதான்க்கா மாத்திரை. ஒரு நாளைக்கு மூணு வேளை."

"எத்தினி நாளு?"

"நாலு மாசம், அஞ்சு மாசம் ஆவும். இது மண்டலக் கணக்கு இல்ல."

இப்போது முடிக்கு வருவோம். கை கட்டில் இருந்த வரைக்கும் பக்கத்து வீட்டுச் சுலோச்சனா தினமும் வந்து தலை வாரிவிட்டாள். பங்குனியில் அவள் மகளுக்குப் பிரசவம் என்று மணவூருக்குப் போய்விட்டாள். பாஞ்சாலியின் மகள் தேவயானியோ கல்யாணமாகிச் சென்னையில் இருந்தாள். ஒற்றைக் கையால் அவ்வளவு முடியை என்ன செய்வது? நான்கு நாளில் முடி சிக்குப் பிடித்துத் திரண்டு போனது. தலையை விரித்துப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றவளைப் பார்த்து, தெருவில் போன பிரேமா, "பேருக்கேத்த மாதிரி நிக்கிறியேக்கா, யாரு மேல கோவம்?" என்று சிரித்தாள். பாஞ்சாலிக்குச் சிரிப்பு வரவில்லை. உள்ளே போய்க் கத்தரிக்கோலை எடுத்து வந்து வேணுவிடம் நீட்டினாள்.

"வெட்டி வுட்டுடு பாவா. என்னால முடியல."

வேணு அவளுக்கு அத்தை மகன். கல்யாணமாகி இருபத்தாறு வருஷம். ஊரார் நிலத்தையெல்லாம் டிராக்டரில் உழுகிறவன். விரலிடுக்கில் கிரீஸ் கறை நிரந்தரம். வாயைத் திறந்தால் நான்கு வார்த்தைக்கு மேல் வராது. அவன் கத்தரிக்கோலை வாங்கி ஆணியில் மாட்டினான்.

"சாமிக்குன்னு சொன்ன முடி. நீ வெட்டச் சொல்றதும் தப்பு, நான் வெட்றதும் தப்பு. குந்து."

மாடத்தில் இருந்த சீப்பை எடுத்துக்கொண்டான். எதற்கும் இருக்கட்டும் என்று கதவைச் சாத்தினான். பெண்டாட்டிக்குத் தலை வாருகிறான் என்று தெரிந்தால் டீக்கடையில் அவனால் தலைநிமிர்ந்து உட்கார முடியாது.

முதல் நாள் அவன் உச்சியிலிருந்து இழுத்தான். பாஞ்சாலி போட்ட சத்தத்தில் கோழிகள் கூரைமேல் ஏறின. நுனியிலிருந்து சிக்கெடுத்துக்கொண்டு மேலே போக வேண்டும் என்று அவள் திட்டிக்கொண்டே சொன்னாள். பின்னல் என்று அவன் போட்டது, கரும்பு லோடுக்குக் கயிறு கட்டுகிற கட்டு. இறுக்கத்தில் அவளுக்குப் புருவம் மேலே ஏறிக்கொண்டது. ஆனால் அவிழவில்லை. வேணு கட்டிய லோடு என்றைக்கு அவிழ்ந்தது?

தினமும் காலை ஐந்து மணிக்கு, டிராக்டர் எடுக்கப் போவதற்கு முன், கையை மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்து, சோப்புப் போட்டுக் கழுவி, மோந்து பார்த்துவிட்டு அவள் பின்னால் வந்து பலகையில் உட்கார்ந்தான். பத்து நாளில் மூன்று கால் பின்னல் பிடிபட்டது. ஒரு மாதத்தில் வகிடு நேராக வந்தது. சித்திரை வெயிலில் கொண்டை போடக்கூடக் கற்றுக்கொண்டான்.

முகம் பார்த்துப் பேச வராத மனிதனுக்கு, முதுகைப் பார்த்துப் பேச வந்தது. இதுதான் பாஞ்சாலி எதிர்பார்க்காதது. சின்ன வயதில் மணவூர் ரயில்வே ஸ்டேஷனில் தான் தொலைந்துபோய், ஒரு போர்ட்டர் பன் வாங்கிக் கொடுத்து மடியில் தூங்க வைத்த கதையைச் சொன்னான். தேவயானி பிறந்த அன்றைக்கு ஆஸ்பத்திரிக்கு வெளியே புளியமரத்தடியில் உட்கார்ந்து அழுததைச் சொன்னான். ஏன் அழுதாய் என்று அவள் கேட்டாள். உன் சத்தம் நின்னு போச்சு, நீ செத்துட்டியோன்னு நெனச்சேன் என்றான். இருபத்தாறு வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் இது அவளுக்குத் தெரியாது. ஊருக்கே கேட்கிற வாய் அந்த அரை மணி நேரம் மூடியிருந்தது. அவன் விரல் உச்சந்தலையில் வகிடு தேடும்போது அவளுக்குக் கண் சொருகியது. தோள் வலித்தாலும் அந்த நேரத்தில் வலித்ததாக ஞாபகம் இல்லை.

பயிற்சி தன் பாட்டுக்கு நடந்தது. சுவரில் கரிக்கோடுகள் ஏறின. நெஞ்சு உயரம், கழுத்து உயரம், காது உயரம். வைகாசியில் அனிதா ஒரு ரப்பர் பட்டை கொடுத்தாள். அதை ஜன்னல் கம்பியில் கட்டி, முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவில் மடித்த துண்டை வைத்துக்கொண்டு, துண்டு கீழே விழாமல் வெளிப்பக்கம் இழுக்க வேண்டும். பதினைந்து தடவை, மூன்று சுற்று. நடுவில் ஒரு நாள் வீராப்பாகத் தண்ணீர்க் குடத்தைத் தூக்கப் போய், ஒரு வாரம் பின்னால் போனதும் உண்டு. அனிதா திட்டவில்லை. "வலு ஒக்காந்து வரட்டும்க்கா, ஓடி வர வேணாம்" என்றாள்.

ஆனி மாதம் ஒரு நாள் வேணு வேலைக்குப் போன பிறகு, பாஞ்சாலி சுவரில் விரலை ஏற்றினாள். காலண்டர் மாட்டியிருந்த ஆணியைத் தாண்டி, கை முழுசாக மேலே போய் நின்றது. இறக்கி மறுபடியும் ஏற்றினாள். போனது. பின்னலை அவிழ்த்தாள். இரண்டு கையையும் பின்னந்தலைக்குக் கொண்டு போய், சுருட்டி, சொருகினாள். கொண்டை நின்றது. கொஞ்சம் நடுங்கியது, ஆனால் தன் கையால் போட்ட கொண்டை. சந்தோஷத்தில் யாரையாவது கூப்பிட வேண்டும் போல இருந்தது. வாசல் வரைக்கும் போனவள் அப்படியே நின்றுவிட்டாள்.

கை சரியானால் முடி மலைக்குப் போய்விடும். முடி போய்விட்டால் ஐந்து மணிக்கு அந்தப் பலகையில் யார் வந்து உட்காருவார்கள்? அவன் திரும்பவும் நான்கு வார்த்தைக்காரனாகி டிராக்டர் மேல் ஏறிவிடுவான்.

கொண்டையை அவிழ்த்தாள். அவன் போட்ட மாதிரியே பின்னலைப் போட்டுக்கொண்டாள். அன்றைக்குச் சுவரில் கோட்டைக் காது உயரத்திலேயே போட்டாள். மறுநாளும் அங்கேயே. அதற்கு மறுநாளும்.

பொய் சொல்லத் தெரிந்தவர்களுக்கு அது சுலபம். பாஞ்சாலிக்கு அது புதுவேலை. அனிதா படுக்கவைத்துத் தூக்கினால் கை முழுசாகப் போனது. நிற்கவைத்துத் தூக்கச் சொன்னால் காதோடு நின்றது. அனிதா மூட்டைத் தட்டிப் பார்த்தாள், தோளை அமுக்கிப் பார்த்தாள், நோட்டைப் புரட்டினாள். மூன்றாவது வாரம் முகம் வாடி, வேணுவைத் தனியே கூப்பிட்டாள்.

"மூட்டு நல்லா வுட்டுடுச்சிண்ணா. ஆனா தானா தூக்க வலு வரல. பாதி கிழிசல் முழுசாயிடுச்சோன்னு பயமா இருக்கு. ஆடி கிருத்திகை கழிச்சி சென்னைக்கு எழுதித் தரேன். ஆபரேஷன் பண்ண வேண்டி வரலாம்."

கதவுக்கு இந்தப் பக்கம் பாஞ்சாலிக்கு எல்லாம் கேட்டது. அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமையும் அதற்கடுத்த செவ்வாய்க்கிழமையும் வேணு வேலையை விட்டுவிட்டு, முந்நூற்று அறுபத்தைந்து படியும் ஏறி மலைக்குப் போய் வந்தான். எதற்கு என்று சொல்லவில்லை. விபூதியைக் கொண்டுவந்து அவள் வலது தோளில் பூசினான். பாஞ்சாலிக்கு அந்த விபூதி சுட்டது. ஒரு நல்ல மனுஷனை இப்படி அலைக்கழிக்கிறோமே என்று அழுதாள். கை வலிக்கிறதென்று நினைத்து அவன் ஒத்தடத்துக்கு வெந்நீர் போட்டான்.

ஆடி பரணி அன்றைக்குக் காலையிலிருந்தே ரோட்டில் காவடிகள் போய்க்கொண்டிருந்தன. ஊர்க்காரர்கள் ரோட்டோரம் பானகம் வைத்துக்கொண்டு நின்றார்கள். பாஞ்சாலியும் வேணுவும் புங்கமரத்தடியில் நின்றார்கள். மஞ்சள் துணி கட்டிய ஒரு கூட்டம் பம்பை முழங்க வந்தது. முன்னால் வந்தவன் பூக்காவடியைத் தோளில் சுழற்றிக்கொண்டு, "திருத்தணி முருகனுக்கு" என்று குரல் கொடுத்தான்.

"அரோகரா!"

ரோட்டோரத்தில் இருந்த எல்லாக் கைகளும் தலைக்கு மேலே போயின. பாஞ்சாலியின் கைகளும் போயின. இரண்டும். காதைத் தாண்டி, கொண்டையைத் தாண்டி, முழங்கை நேராக நிமிர்ந்து, உள்ளங்கை இரண்டும் மேலே போய்ச் சேர்ந்து நின்றன. பிறந்ததிலிருந்து அந்தச் சொல்லைக் கேட்டால் மேலே போய்ப் பழகிய கை, அவள் சொல்லிக் கொடுத்த பொய்யை மறந்துவிட்டது.

கூட்டம் கடந்து போனது. கையை இறக்க வேண்டும் என்று அவளுக்கு அப்போதுதான் தோன்றியது. பக்கத்தில் வேணு அவள் கையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"எத்தினி நாளா?" என்றான்.

"ஒரு மாசம்." கையை இறக்கினாள். "ஒரு மாசத்துக்கு மேலயே."

"ஏன்மே சொல்லல?"

பாஞ்சாலி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். "கை சரியாயிடுச்சின்னா முடி குடுக்கணும். முடி குடுத்துட்டா நீ எதுக்கு பாவா காலையில வந்து என் பின்னால குந்துவே? அப்பறம் யாரு எங்கிட்ட பேசிக்கினு இருப்பா?"

வேணு பானகம் ஊற்றிக்கொண்டிருந்தவரிடம் போய் இரண்டு டம்ளர் வாங்கி வந்தான். ஒன்றை அவள் வலது கையில் கொடுத்தான்.

"குடி. சாமிய ஒரு மாசம் காக்க வெச்சிருக்கே. கூட்டம் வடிஞ்சதும் போலாம்."

அனிதாவிடம் உண்மையைச் சொன்னபோது அவள் முதலில் கோபப்பட்டாள். எழுதி வைத்திருந்த கடிதத்தைக் கிழித்தாள். பிறகு காரணத்தைக் கேட்டாள். "மொட்டை எதுக்குக்கா, பூமுடி குடுத்தா போதாதா? நுனியில கொஞ்சம் வெட்டிக் குடுப்பாங்களே" என்று மட்டும் சொல்லிப் பார்த்தாள். பாஞ்சாலி தலையை ஆட்டினாள். மொத்தமும் என்று சொன்னது சொன்னதுதான், ஏற்கெனவே ஒரு தடவை ஏமாற்றியாகிவிட்டது என்றாள். ரப்பர் பட்டையை இன்னும் ஆறு மாதத்துக்கு விடக்கூடாது, கரும்புக் கட்டைப் பக்கம் இந்த வருஷம் போகவே கூடாது என்று அனிதா சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை காலை வேணு வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டான். எண்ணெய் தொட்டு, சிக்கெடுத்து, வகிடு பிரித்து, நுனி வரைக்கும் ஒரு முடி பிசகாமல் பின்னினான்.

மலையில் முடி எடுக்கிற இடத்தில் இருந்தவர் கஜபதி என்று ஒரு பெரியவர். பின்னலைக் கையில் எடுத்தவர் உடனே அவிழ்க்கவில்லை.

"இன்னா நேர்த்தியா பின்னியிருக்கு! யாருமா பின்னது, பொண்ணா?"

சுற்றிலும் ஆட்கள். அவர்கள் ஊர்க்காரர்களே நான்கு பேர் வரிசையில் நின்றார்கள். வேணு கோபுரத்தைப் பார்க்கிறவன் மாதிரி வேறு பக்கம் திரும்பினான். பாஞ்சாலியின் பழைய குரல் திரும்பி வந்தது.

"எங்க வூட்டுக்காரரு. நாலு மாசமா அவருதான் தெனம் பின்றாரு."

கஜபதி வேணுவை ஏற இறங்கப் பார்த்தார். ஊர்க்காரர்கள் பார்த்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. வேணு தானே முன்னால் வந்து, குனிந்து, பின்னலை ஒவ்வொரு காலாக அவிழ்த்துவிட்டான்.

மறுநாள் காலை பாஞ்சாலி ஐந்து மணிக்கு முன்னாலேயே விழித்துவிட்டாள். தலையில் காற்று பட்டுச் சில்லென்றிருந்தது. இனி எழுந்திருக்க அவசரமில்லை என்று நினைத்துப் படுத்திருந்தாள். கொல்லைப்பக்கம் தண்ணீர் ஊற்றுகிற சத்தமும், சோப்பு டப்பா திறக்கிற சத்தமும் கேட்டன. அப்புறம் கல்லில் எதையோ தேய்க்கிற சத்தம். கொஞ்ச நேரத்தில் வேணு உள்ளே வந்தான். பலகையைத் தூக்கி வழக்கமான இடத்தில் போட்டான். கையில் ஒரு கிண்ணம் நிறைய இழைத்த சந்தனம். லுங்கி மடிப்பில் சீப்பு.

பாஞ்சாலி சீப்பைப் பார்த்தாள். அவனும் குனிந்து பார்த்தான். பழக்கத்தில் எடுத்துச் சொருகிவிட்டிருக்கிறான். அசட்டுச் சிரிப்போடு அதை எடுத்து மாடத்தில் வைத்தான்.

"இருக்கட்டும், வளந்துடும்" என்றான். "குந்து."

மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக்கொள்ள இன்னொருவர் தேவையில்லை. அவளுடைய வலது கை இப்போது உச்சந்தலைக்கு நன்றாகவே எட்டும். அது அவளுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். பாஞ்சாலி இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, தலையைக் குனிந்தாள்.

ஈரச் சந்தனத்தோடு அவன் உள்ளங்கை தலையில் பட்டது.

"மணவூர் போர்ட்டரு கத சொன்னேன் இல்ல," என்று ஆரம்பித்தான் வேணு. "அந்த ஆள மறுபடி ஒரு தபா பாத்தேன்மே. அத உங்கிட்ட சொல்லல."

"சொல்லு பாவா" என்றாள் பாஞ்சாலி.